பன்னிரண்டு விழுக்காடு

ஒரு சாண்கூட இல்லாத பித்தளைக் குழல்.
நடுவில் இடுப்பு ஒடுங்கி, நீண்டு,
மறுபடி விரிகிறது.
நகரும் உறுப்பு ஒன்றும் கிடையாது.
இதில் பழுதாக என்ன இருக்கிறது என்றான் ஐலிஃப்
முதல்முறை கையில் வாங்கியபோது.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான் போலிருந்தது.

நான் அதைத் திரையில்
நாலு லட்சம் கண்ணறைகளாக நறுக்கியிருந்தேன்.
எந்த அறையிலும் நிறை தொலையக் கூடாது
உந்தம் தொலையக் கூடாது
ஆற்றல் தொலையவே கூடாது.
கந்துவட்டிக்காரனின் நோட்டு அது.

தொண்ணூறு பாரில் உள்ளே வருகிறது கரியமில வாயு,
திரவமென்றும் சொல்ல முடியாமல்
ஆவியென்றும் சொல்ல முடியாமல்.
பழைய வால்வு அதைச் சும்மா இறக்கிவிடும்
மாடிப்படியில் மூட்டையை உருட்டுகிற மாதிரி.
விழுந்த சத்தம்தான் மிச்சம்.
எஜெக்டர் அந்த வீழ்ச்சியை வீணாக விடுவதில்லை.
ஒலியை முந்தி ஓடுகிற ஓட்டத்தின்
சட்டை நுனியைப் பற்றிக்கொண்டு
காட் மீன் பெட்டியிலிருந்தும் தயிர் அலமாரியிலிருந்தும்
களைத்து வருகிற ஆவி
கூடவே கொஞ்சம் மேலேறிவிடுகிறது.
அந்த அளவுக்குக் கம்ப்ரசருக்கு முதுகு வலி குறைவு.

இவ்வளவுதான். இதற்கு எனக்கு மூன்று வருடம்.

ஸ்டைன்ஷெர் ஊரின் பேரங்காடி,
பிப்ரவரி, பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.
பகலெல்லாம் என் கணக்கும் மாடியிலிருந்த மீட்டரும்
கைகோத்து நடந்தன.
இரவில் வெந்நீர்த் தொட்டி நிரம்பி
அழுத்தம் அறுபதுக்கு இறங்கியதும்
மீட்டர் முரண்டு பிடித்தது.
நான் சொன்னதைவிடப்
பன்னிரண்டு விழுக்காடு கூடுதலாகப் பாய்கிறது என்றது.

மீட்டர் பொய் என்றேன்.
ஐலிஃப் கழற்றிச் சோதித்து மாட்டினான்.
மீட்டர் பொய் என்றேன்.
மறுபடி கழற்றினான், இந்தமுறை முனகிக்கொண்டு.
மூன்றாம் முறை நானே ஸ்பேனரைப் பிடித்தேன்.
பொய் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்குக் கடை மூடும் அறிவிப்பு.
ஐலிஃப் கீழே விளக்கணைக்கப் போனான்.
இருபது நிமிடம் கழித்து மூச்சிரைக்க வந்து
எரிச்சலில் சொன்னான்:
"ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று. இருந்தும்
உள்ளே ஒருத்தர் சாவகாசமாக
பாலாடைக் கட்டியின் விலையைப் படித்துக்கொண்டிருக்கிறார்.
மூடிவிட்டது என்று அவருக்கு இன்னும் உறைக்கவில்லை."

நான் பதில் சொல்லவில்லை.
கொதிக்க வேண்டிய அழுத்தம் வந்த கணமே
எல்லாத் துளியும் கொதித்துவிடும் என்று
முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தேன்.
ஒரு வரி. வசதியான வரி.
அதன்மேல் நாலு லட்சம் அறை கட்டியிருந்தேன்.
ஒடுக்கத்தைத் தாண்டிய பின்னும்
திரவமாகவே இருக்கிறது அது,
கடை மூடியதை அறியாமல்,
கையில் பாலாடைக் கட்டியோடு.
ஆவியாக மாறாதது இடத்தை அடைப்பதில்லை.
அதனால்தான் அதிகம் நுழைகிறது.

ஆகவே கொஞ்சம் தாமதம் சேர்த்தேன்.
மில்லிநொடியில் ஒரு சிறு துணுக்கு,
அழுத்தம் குறையக் குறைய நீள்கிற மாதிரி.
கணினி விடியும்வரை உறுமியது.
பன்னிரண்டு, நாலாயிற்று.
அந்த நாலு எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.
சுவரின் சொரசொரப்பாக இருக்கலாம்.
நானாகவும் இருக்கலாம்.

மறுநாள் மாலை, கடைவாசல்.
மீன் இழந்த சூடு
நடைபாதைக் கல்லுக்கு அடியில் குழாயாக ஓடுகிறது.
கல்லாவில் இருக்கும் குன்வோர் அங்கேதான் நின்று
சிகரெட் பிடிக்கிறாள், பூட்ஸைக் கழற்றிவிட்டு,
கம்பளிக் காலுறை மட்டும் போட்டுக்கொண்டு.
பனி விழுகிறது.
கல்லில் பட்டதும் உருகிவிடுவதில்லை,
ஒரு விநாடி யோசிக்கிறது.

"என்ன அப்படிப் பார்க்கிறாய்?" என்றாள்.
சொல்லத் தொடங்கினேன்.
எதிர்த் திருப்பத்தில்
ட்ரோன்ஹைம் பஸ்ஸின் பின்விளக்கு
சிவப்பாக ஒருமுறை தெரிந்து மறைந்தது.